எனக்கு வந்த கேள்விகள், அவருக்குப் போன கேள்விகள்

முதலீடு தேடி அலைந்த பதினான்கு மாதங்களும் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் வலப்புறம் என் துணை நிறுவனரிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், கூட்டம் முடிந்து வெளியே வந்த கையோடு, மறப்பதற்குள் எழுதிவிடுவேன். அடுத்த கூட்டத்துக்கு நல்ல பதில்களோடு போக வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. ஏழாவது கூட்டம் முடிந்த இரவு பழைய பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியபோதுதான், இரண்டு பத்திகளும் இரண்டு வேறு நிறுவனங்களைப் பற்றியவை போல இருப்பது கண்ணில் பட்டது.

இடப்புறத்தில் இருந்தவை: கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும்? பெரிய நிறுவனம் ஒன்று இதையே செய்யத் தொடங்கினால் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள்? இருக்கிற வாடிக்கையாளர்கள் விலகிப் போகமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? குடும்பத்தையும் இதையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா? வலப்புறத்தில் இருந்தவை: இந்தச் சந்தை எவ்வளவு பெரிதாகும்? அடுத்து எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்? ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள்? ஒரே நிறுவனம், ஒரே அறை, ஒரே மணி நேரம். துணை நிறுவனர் ஓர் ஆண்; தலைமைச் செயல் அதிகாரி பெண்ணான நான். ஆனாலும் எதிர்காலத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அவர் பக்கமே போயிருந்தன, ஆபத்துகளைப் பற்றியவை எல்லாம் என் பக்கம் வந்திருந்தன.

எங்கள் மென்பொருள் மருத்துவமனைகளின் மருந்துக் கிடங்குக் கணக்கைக் கவனிப்பது. எந்த மருந்து எப்போது தீரும், எது பயன்படாமலே காலாவதியாகும் என்று முன்கூட்டிக் கணிக்கும் பகுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவள் நான். விற்பனையையும் கணக்கு வழக்கையும் பார்த்தவர் துணை நிறுவனர். ஒரு கூட்டத்தில் அந்தக் கணிப்பு முறையை விளக்கும் படம் திரையில் இருந்தபோது, முதலீட்டு நிறுவனத்தின் பார்ட்னர் ஒருவர் அவரைப் பார்த்து, “இதில் பிழை எவ்வளவு வருகிறது?” என்று கேட்டார். “அதை எழுதியவர் இவர்தான்” என்று அவர் என் பக்கம் கை காட்டினார். நான் விளக்கினேன். முழுவதையும் கேட்டுத் தலையசைத்துவிட்டு, அடுத்த ஐயத்தையும் அந்தப் பார்ட்னர் அவரிடமே கேட்டார். மூன்றாவது முறையும் அப்படியே நடந்தபோது என் துணை நிறுவனர் எதுவும் பேசாமல், தன் முன்னால் இருந்த ரிமோட்டை எடுத்து என் கைக்கு அருகே வைத்துவிட்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தச் சிறு செயலுக்காக இன்றும் அவரிடம் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் என் கையால் செய்த வேலை என்னுடையது என்று நிலைநாட்ட இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்ற வலி அந்த நன்றிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இது என் மனப்பிராந்தியோ என்று சில வாரங்கள் ஐயப்பட்டேன். பிறகுதான் டானா கான்ஸேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வைப் படித்தேன். 2010 முதல் 2016 வரை நியூயார்க்கில் நடந்த, தொடக்கநிலை நிறுவனங்கள் முதலீட்டாளர்கள் முன் தங்கள் திட்டத்தை விளக்கும் டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் போட்டிகளின் கேள்வி-பதில் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலீட்டாளர்கள் 140 பேர், நிறுவனர்கள் 189 பேர். ஆண்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் 67 விழுக்காடு வளர்ச்சி, வாய்ப்பு, வெற்றி ஆகியவற்றைப் பற்றியவை. பெண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 66 விழுக்காடு இழப்பு, பாதுகாப்பு, தடுப்பு ஆகியவற்றைப் பற்றியவை. என் குறிப்பேட்டின் இரண்டு பத்திகளை யாரோ பல ஆண்டுகளுக்கு நீட்டி எண்ணிக் காட்டியது போல இருந்தது அது. தடுப்பு வகைக் கேள்வி ஒவ்வொன்று கூடும்போதும் அந்த நிறுவனம் திரட்டிய தொகை சராசரியாக 38 லட்சம் டாலர் குறைந்திருந்தது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

கேள்வி ஒன்றுக்கு இவ்வளவு வலிமையா என்று முதலீட்டுக் கூட்டத்தில் உட்காராதவர்கள் வியக்கலாம். உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் நம் விளக்கம் இருபது நிமிடம் என்றால் மீதி நாற்பது நிமிடமும் கேள்வி கேட்பவர் கையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களை எப்படித் தக்கவைப்பீர்கள் என்று கேட்டால், நேர்மையான எவரும் தக்கவைக்கும் வழியைத்தான் விளக்குவார். அடுத்த கேள்வியும் அதே திசையில் வந்தால் இன்னும் கொஞ்சம் விளக்குவார். கூட்டம் முடியும்போது அறையில் மிஞ்சுவது, இழப்பைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசிய ஒரு பெண்ணின் தோற்றம். “திறமைசாலிதான், ஆனால் பெரிதாகக் கனவு காணவில்லை” என்று அவரைப் பற்றிக் குறிப்பு எழுதப்படும். கனவைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவே இல்லை என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. கேட்டவர்களுக்கும் அது நினைவில் இருக்காது. தாங்கள் பாகுபாடு காட்டினோம் என்று அவர்கள் உண்மையிலேயே நினைப்பதில்லை.

அதே ஆய்வு ஒரு வழியையும் காட்டியது. தடுப்புக் கேள்விக்கு வளர்ச்சிப் பதிலைத் தந்தவர்கள், கேட்ட திசையிலேயே பதில் சொன்னவர்களைவிடப் பல மடங்கு அதிகம் திரட்டினார்கள். நானும் அதைப் பழகிக்கொண்டேன். தக்கவைப்பது பற்றிக் கேட்டால், அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மருத்துவமனையும் முதல் ஆண்டு முடிவதற்குள் எத்தனை புதிய பிரிவுகளை எங்கள் மென்பொருளுக்குள் கொண்டுவருகிறது என்ற இடத்துக்குப் பேச்சைத் திருப்பிவிடுவேன். பலன் இருந்தது. இளைய பெண் நிறுவனர்களுக்கு இதை நானே கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தன்னிடம் கேட்கப்படாத கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு அதற்குத் தானே பதிலும் சொல்லும் இந்த இரட்டை வேலை, பக்கத்து நாற்காலியில் இருந்த ஆணுக்கு இல்லை. முதலீட்டாளர் முன் திட்டத்தை விளக்கக் கற்றுத்தரும் “பெண்களுக்குப் பிட்ச் பயிற்சி” என்ற பெயரில் நடத்தப்படும் வகுப்புகளில் இந்தச் சுமை சுமையாகவே பேசப்படுவதில்லை. திறமைக் குறைவுக்கான மருந்து போலவே அது தரப்படுகிறது.

திறமைக் குறைவு என்று சொல்ல முடியாதபடி வேறு சான்றுகளும் இருக்கின்றன. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதே வணிகத் திட்டத்தை, அதே சொற்களில், ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கேட்க வைத்தார்கள். ஆண் குரலில் கேட்ட திட்டத்துக்கு முதலீடு தரலாம் என்றவர்கள் 68 விழுக்காடு. பெண் குரலுக்கு 32 விழுக்காடு. சொல், எண், திட்டம் எதுவும் மாறவில்லை. ஸ்வீடனில், தொடக்கநிலை நிறுவனங்களில் ஆபத்தை ஏற்றுப் பணம் போடும் அரசுத் துணிகர முதலீட்டு அமைப்பு ஒன்றின் முடிவெடுக்கும் கூட்டங்களுக்குள்ளேயே அமர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் பதிவு செய்தது இன்னும் நுட்பமானது. ஆண் விண்ணப்பதாரர் இளைஞராக இருந்தால் நம்பிக்கை தருபவர்; பெண் இளையவராக இருந்தால் அனுபவமில்லாதவர். ஆண் எச்சரிக்கையாக இருந்தால் நிதானமானவர். பெண் எச்சரிக்கையாக இருந்தால் துணிவில்லாதவர். அவர்கள் ஆராய்ந்த 125 விண்ணப்பங்களில், கேட்ட தொகையில் ஆண்களுக்குச் சராசரியாக 52 விழுக்காடு கிடைத்தது, பெண்களுக்கு 25 விழுக்காடு. பணம் அரசினுடையது, ஆனாலும் அதைப் பிரித்துக் கொடுத்த அறைக்குள் பேசப்பட்ட மொழி எங்கும் உள்ளதுதான்.

விளைவை வைத்துப் பார்த்தாலும் இந்த அவநம்பிக்கைக்கு அடிப்படை தெரியவில்லை. பாஸ்டன் கன்சல்டிங் குழுமமும் மாஸ்சேலஞ்ச் என்ற தொடக்கநிலை நிறுவன ஊக்குவிப்பு அமைப்பும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, பெண்கள் நிறுவிய அல்லது இணைந்து நிறுவிய நிறுவனங்களுக்குச் சராசரியாகக் கிடைத்த முதலீடு 9 லட்சத்து 35 ஆயிரம் டாலர். ஆண்கள் நிறுவியவற்றுக்குக் கிடைத்தது 21 லட்சம் டாலர். ஆனால் பெற்ற ஒவ்வொரு டாலருக்கும் பெண்களின் நிறுவனங்கள் 78 சென்ட் வருவாய் ஈட்டின, ஆண்களின் நிறுவனங்கள் 31 சென்ட். அது அந்த ஓர் அமைப்பின் வழியாக வந்த நிறுவனங்களின் கணக்குத்தான்; உலகத்துக்கே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் பணத்தைப் பெருக்குவதே தொழில் என்று சொல்லிக்கொள்பவர்கள் இப்படி ஓர் எண்ணைக் கண்டும் வழக்கத்தை மாற்றாமல் இருப்பது ஏன் என்ற கேள்வி எனக்கு ஆறவே இல்லை. அமெரிக்காவில் துணிகர முதலீட்டுப் பணத்தில் பெண்கள் மட்டுமே நிறுவிய நிறுவனங்களுக்குப் போகும் பங்கு, ஆண்டுகள் எத்தனை ஓடினாலும், 2 விழுக்காட்டை ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறது.

விட்ச்சி என்ற கலைப்பொருள் விற்பனைத் தளத்தை நடத்திய பெனலபி கேசின், கேட் டுவையர் என்ற இருவர், கீத் மான் என்று இல்லாத ஓர் ஆணைத் துணை நிறுவனராகப் படைத்து, அவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிய செய்தி 2017இல் வந்தது. தாங்கள் எழுதினால் நாள்கணக்கில் பதில் தராத வெளி ஒப்பந்ததாரர்கள், கீத் எழுதினால் உடனே பதில் தந்ததோடு வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டார்களாம். பலர் இதை வேடிக்கையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. தான் எழுப்பிய வீட்டின் வாசலில் இல்லாத ஒருவரின் பெயர்ப்பலகையை மாட்ட வேண்டிய நிலை அது.

இனி, சொல்வதற்கு எளிதல்லாத பகுதிக்கு வருகிறேன்.

கையிருப்பு பதினொரு வாரத்துக்கு மட்டுமே இருந்த காலம் அது. சம்பளம் வாங்குபவர்கள் ஒன்பது பேர். ஒரு முதலீட்டாளர் ஆர்வம் காட்டி, இரண்டு கூட்டங்கள் நடத்தி, முதலீட்டின் நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பதே முக்கால் மணிக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது: சில விதிகளை அலுவலகத்தில் பேச முடியாது, நாளை இரவு உணவுக்குத் தனியாக வாருங்கள், உங்கள் துணை நிறுவனர் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி. அதில் என் தோற்றத்தைப் பற்றி ஒரு வரி. சமையலறை மேடையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்பது பேரின் சம்பளத் தொகையை ஒரு தாளில் மறுபடியும் கூட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. கூட்டல் மாறாது என்று தெரிந்தும் கூட்டினேன். பிறகு, துணை நிறுவனரையும் சேர்த்துக்கொண்டு பகலில் அலுவலகத்தில் சந்திக்கலாம் என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். டெர்ம் ஷீட் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, “இப்போதைக்குச் சற்று முன்கூட்டியதாகத் தோன்றுகிறது, தொடர்பில் இருப்போம்” என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

யாரிடம் புகார் செய்வது? நான் அவருடைய பணியாளர் இல்லை. ஆகவே அவர் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு என்னைப் பொறுத்தவரை வேலை இல்லை. பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டங்கள் பெரும்பாலும் முதலாளி, பணியாளர் என்ற உறவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிறுவனரும் முதலீட்டாளரும் சந்திக்கும் காலத்தில் அவர்களுக்கு இடையே எந்த ஒப்பந்தமும் இருப்பதில்லை; ஒப்பந்தம் வரும் என்ற நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. இரவு உணவு, விடுதி, மாநாட்டின் பின்மாலை என்று சந்திப்பு நடக்கும் இடங்களும் அலுவலகம் அல்ல. மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. “முன்கூட்டியது” என்ற ஒரு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். இவற்றோடு, முதலீட்டாளர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள், அடுத்த முதலீட்டுச் சுற்றில் ஒன்றாகச் சேர்ந்து பணம் போடுபவர்கள், ஒரு நிறுவனரைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்துக்கொள்பவர்கள். ஒருவரைப் பற்றி வாய் திறந்தால் மற்ற எத்தனை கதவுகள் சத்தமில்லாமல் சாத்தப்படும் என்பது பணம் கேட்டுப் போகிறவளுக்குத் தெரியும். அதனால் நானும் மென்று விழுங்கினேன். துணை நிறுவனரிடம்கூட நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

2017 ஜூனில் பைனரி கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜஸ்டின் கால்ட்பெக் மீது ஆறு பெண்கள் பாலியல் துன்புறுத்தல் புகார் சொன்னபோது, அவர்களில் மூவர் தங்கள் பெயரை வெளியிட்டுப் பேசினார்கள். அதுதான் செய்தியின் உயிர். அடுத்த சில நாட்களில் மேலும் பலர் பேசினார்கள். 500 ஸ்டார்ட்அப்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் டேவ் மெக்ளூர் அதே போன்ற புகாரால் பதவி விலகினார். லிங்க்ட்இன் இணை நிறுவனரும் முதலீட்டாளருமான ரீட் ஹாஃப்மன், மேலாளருக்குப் பணியாளரிடமும் பேராசிரியருக்கு மாணவரிடமும் உள்ள அதே அறப்பொறுப்பு முதலீட்டாளருக்கு நிறுவனரிடம் உண்டு என்று அப்போது எழுதினார். அவ்வளவு எளிய உண்மையை அந்த ஆண்டில் ஒருவர் எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கலிஃபோர்னியா மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தி, பாலியல் துன்புறுத்தலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய தொழில் உறவுகளின் பட்டியலில் முதலீட்டாளர் என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தது. 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல் சட்டத்தில் இருக்கும் இடத்தில், இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு அப்படி ஒரு செய்தியைப் பெறும் பெண் அதை அழிக்காமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலீட்டு நிறுவனங்களுக்குள் இருக்கும் பெண்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிளைனர் பெர்கின்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு எதிராக, அங்கே பணியாற்றிய எலன் பாவ் 2012இல் தொடுத்த பாலினப் பாகுபாட்டு வழக்கில் 2015 மார்ச்சில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாகவே வந்தது. வழக்கு தோற்றாலும், அதுவரை வாய்மொழியாகவே உலவிய பலவும் நீதிமன்றப் பதிவில் ஏறின.

“பெண் முதலீட்டாளர்களிடம் போகலாமே” என்ற அறிவுரையை எண்ணிக்கை இல்லாமல் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் எண்ணிக்கை குறைவு, அவர்கள் கையில் இருக்கும் நிதியும் பெரும்பாலும் சிறியது. அதைவிடக் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. இன்சியாட் வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்தபோது, முதல் சுற்றில் பெண் முதலீட்டாளர்களிடமிருந்து மட்டும் பணம் பெற்ற பெண் நிறுவனர்கள், அடுத்த சுற்றில் பணம் திரட்டும் வாய்ப்பு குறைந்திருந்ததைக் கண்டார்கள். பெண் என்பதால் பெண் கொடுத்தாள் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆண் ஆணுக்குக் கொடுக்கும்போது அப்படி எவரும் எண்ணுவதில்லை. ஆகவே பெண்கள் தங்களுக்குள் பணத்தைச் சுற்றிக்கொண்டால் போதும் என்பது, தள்ளிவைத்தவர்களை விட்டுவிட்டுத் தள்ளிவைக்கப்பட்டவர்களிடமே தீர்வைக் கேட்பதாக முடிகிறது.

இந்த வழக்கம் ஏதோ இயற்கை விதி என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரு பெண் வணிகக் கடன் வாங்க வேண்டுமானால் ஆண் உறவினர் ஒருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற நிலை 1988இல் வந்த சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது. என் வாழ்நாளுக்குள் நடந்த மாற்றம் அது. கையெழுத்து போய்விட்டது; ஆண் உடன் வந்தால்தான் நம்பிக்கை வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் கூட்ட அறைக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கடன் கொடுப்பவர் ஒரு படிவத்துக்குக் கட்டுப்பட்டவர். துணிகர முதலீட்டாளரோ, தெரிந்தவர் மூலம் வரும் அறிமுகத்தையும், முன்பு வென்றவர்களின் சாயலையும், தன் உள்ளுணர்வையும் வைத்து முடிவெடுப்பதையே பெருமையாகச் சொல்பவர். முன்பு வென்றவர்கள் யார் என்று பார்த்தால், முன்பு பணம் கொடுக்கப்பட்டவர்கள். சாயல் பொருந்தாதவர் அந்த வட்டத்துக்குள் நுழைய இடமே இல்லை.

எங்களுக்குப் பணம் கடைசியில் கிடைத்தது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பி, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் அவற்றையே கேட்ட ஒரு சிறு நிதியிடமிருந்து அது வந்தது. அவர்கள் அனுப்பிய பதினெட்டுக் கேள்விகளில் ஒன்பது வளர்ச்சி பற்றியவை, ஒன்பது ஆபத்து பற்றியவை. அன்று குறிப்பேட்டில் எழுத எதுவும் இல்லாமல் போனது.

இப்போது நானும் சில நண்பர்களோடு சேர்ந்து தொடக்கநிலை நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடும் ஒரு சிறு ஏஞ்சல் குழுவில் முதலீட்டாளராக இருக்கிறேன். கான்ஸேயின் ஆய்வில் பெண் முதலீட்டாளர்களும் ஆண்களைப் போலவே அதே ஓரவஞ்சனையோடு கேட்டார்கள் என்ற வரியைப் படித்தபோது, அது என்னைப் பற்றியதாக இருக்காது என்றே நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரே பிற்பகலில் இரண்டு நிறுவனர்களைச் சந்தித்தோம். முதலில் வந்த இளைஞரிடம், அவர் கருவி பள்ளிகளைத் தாண்டி வேறு எங்கெல்லாம் போகும் என்று கேட்டேன். அடுத்து வந்த பெண்ணிடம், பெரிய நிறுவனம் ஒன்று நகலெடுத்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். அன்று மாலை பழக்கத்தால் கோடு கிழித்து எழுதியபோதுதான் இரண்டு பத்திகளும் மீண்டும் கண்முன் வந்தன. இந்த முறை இரண்டும் என் கேள்விகள்.

மறுநாள் காலை குழுவினரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே கேள்விகளை எழுதிவிடுவது என்றும், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் குறித்துவிடுவது என்றும், மறுத்தால் உண்மையான காரணத்தை எழுத்தில் தருவது என்றும், மாலை ஆறு மணிக்குப் பிறகு நிறுவனர்களுக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை என்றும் அன்று முடிவு செய்தோம். அந்தப் பெண்ணுக்கு எழுதி, முதல் சந்திப்பில் சில கேள்விகள் விடுபட்டுவிட்டன, மீண்டும் வர இயலுமா என்று கேட்டோம். வந்தார். இளைஞரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான வரைபடம், மடித்த இடங்களில் நைந்து போயிருந்தது. முதல் சந்திப்பின்போதும் அது பையில்தான் இருந்ததாம்.